ஏறிப்போன பெயர்

பல்கலைக்கழக மாணவியர் விடுதி, அறை 114
சென்னை
9 ஜூலை 2025

அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சுகம்தானே? மழைக்கு அம்மாவின் இடுப்பு எப்படி இருக்கிறது? நான் சுகம். தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. உப்பு.

இடம் கிடைத்துவிட்டதை அப்பா சொல்லியிருப்பார். புள்ளியியல், ஐந்து வருடப் படிப்பு. அப்பா சொல்லியிருக்காத ஒன்றை எழுதுகிறேன்.

சான்றிதழ் சரிபார்க்கும் கூடத்தில் நானூறு பேர் உட்கார்ந்திருந்தோம். என் டோக்கன் 212. மேசைக்குப் பின்னால் இருந்தவர் கூப்பிட்டார்: "பூங்குழலி. மாணிக்கம் மகள், கொல்லிமலை." நான் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது முறையும் கூப்பிட்டார். மூன்றாவது முறைக்கு அப்பா முழங்கையால் இடித்தார். "எந்திரி கண்ணு, உன்னத்தான்."

"பேரைக் கூப்பிட்டா காது கேக்காதாம்மா? அஞ்சு வருஷம் எப்படிப் படிப்பே?" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள்.

பன்னிரண்டு வருடமாகப் பள்ளியில் அந்தப் பெயருக்குத்தான் 'உள்ளேன் ஐயா' சொன்னேன். ஒரு நாளும் தடுமாறியதில்லை. அன்று அப்பா பக்கத்தில் இருந்தார். அவர் பக்கத்தில் இருந்தால் அது உன் பெயர். நீ எழுந்து போவாய் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அப்பா பழைய கதையை மறுபடி சொன்னார். "உங்கக்காளத்தான் ஒண்ணாப்புல சேத்தேன். மறுவாரமே உங்கம்மா பலா எறக்க ஏணி ஏறி உழுந்துட்டா. சோறாக்க ஆள் வேணுமில்ல? அவளக் கூட்டியாந்துட்டேன். பெரிய வாத்தியாரு ஊட்டுக்கே வந்துட்டாரு. 'பேரு ஏறிப்போச்சு மாணிக்கம். தலை கொறைஞ்சா எனக்குக் கேள்வி வரும். சின்னத அனுப்பு'ன்னாரு. அனுப்பிச்சேன்." சொல்லிவிட்டுப் பக்கத்து இருக்கைக்காரருக்கும் சேர்த்துச் சிரித்தார்.

உனக்கு அப்போது ஏழு வயது. எனக்கு நாலரை.

அறைக் கதவில் பெயர் ஒட்டியிருக்கிறார்கள். நீ பார்க்க வேண்டும்.

தங்கை

*

அரியூர் நாடு
21 ஜூலை 2025

கண்ணு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே எல்லாரும் நல்லபடி. அம்மாவுக்கு இடுப்பில் எண்ணெய் தேய்க்க நேற்று போய் வந்தேன். மரவள்ளிக்கு இரண்டாவது களை எடுத்தாயிற்று. நீ வேளைக்குச் சாப்பிடு. உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

போன் வாங்கித் தருகிறேன் என்கிறார் உன் மாமா. வேண்டாம் என்றேன். இந்த ஊரில் டவர் ஒரே ஒரு பாறையில்தான் எடுக்கிறது. அங்கே நின்று கத்திப் பேச வேண்டும். போன வாரம் சின்னுசாமி தன் மாமியாரைப் பற்றி அண்ணனிடம் புகார் சொன்னான். கீழ்க்காட்டில் நெல் நட்டுக்கொண்டிருந்த மாமியார் அங்கிருந்தே பதில் சொன்னார். கடிதம் போதும். லீவுக்கு லீவு நீ சொல்லிக் கொடுத்த எழுத்தும் மறக்காது.

சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் கண்டக்டர் அர்த்தனாரியிடம் கொடுத்தால் தபால் பெட்டியில் போட்டுவிடுவார். "சென்னைக்கா? அங்க யாரு?" என்றார்.

"தங்கச்சிங்க. பெரிய படிப்பு படிக்குதுங்க."

உறையின் மேல் பெறுநர் என்று போட்டு என் பெயரை எழுதினேன். எனக்கு நானே கடிதம் போடுவது போல இருந்தது. சிரிப்பு வந்தது. உன் மாமா எட்டிப் பார்த்து, "ஏ புள்ள, நீயா சென்னைக்குப் போற? சொல்லவே இல்ல?" என்றார்.

பெயரைக் கூப்பிட்டால் உடனே எழுந்திரு. யாரையும் திரும்பிப் பார்க்காதே.

அக்கா

*

சென்னை
17 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

சுகம். நீங்கள் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். உன் எழுத்து திருந்தியிருக்கிறது. வரிகள் சாயவில்லை.

இங்கே எல்லாம் பெரிது. ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்கு நடக்க வழியில் யாரையும் தெரியாமல் இருபது நிமிடம். மலையில் அப்படி இருபது நிமிடம் நடந்ததே இல்லை. யாராவது ஏன் எங்கே என்று கேட்பார்கள்.

கூட இருப்பவள் தேனிக்காரி. "உனக்கு நிஜமாவே பத்தொம்பதா? எட்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருக்கே" என்கிறாள். சத்து இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன். எனக்கு நவம்பரில்தான் பதினேழு. உன் பிறந்த தேதியைத்தான் எல்லாப் படிவத்திலும் எழுதுகிறேன். கை இப்போது யோசிப்பதில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றிப் பாடம். பிழை இரண்டு வகை என்றார் பேராசிரியர். ஒருவரையே இரண்டு முறை எண்ணுவது. ஒருவரை எண்ணாமலே விடுவது. இரண்டும் ஒரே வீட்டில் நடந்தால் மொத்தம் சரியாக வந்துவிடும், அதனால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்றார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை.

முதல் உள்தேர்வில் இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று. அப்பாவிடம் சொல். நீ அம்மா வீட்டுக்கு அடிக்கடி போகிறாயாமே, அப்பா சொன்னார். ஏன்? மாமா ஒன்றும் சொல்வதில்லையா?

தங்கை

*

அரியூர் நாடு
7 செப்டம்பர் 2025

கண்ணு,

நல்ல சேதியோடு எழுதுகிறேன். அதனால் முதலில் உன் சுகத்தைக் கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. நான் முழுகாமல் இருக்கிறேன். மூன்று மாதம். அம்மா வீட்டுக்குப் போனது அதற்குத்தான்.

உன் மாமாவின் வண்டியில் அன்னாசி ஏற்றினால் அந்த வாசனைக்கு எனக்கு வாந்தி வருகிறது. இரண்டு தரம் லோடு இறக்கிவிட்டு வண்டியைக் கழுவிக்கொண்டு வந்தார். "பொறக்கறது என் பொழப்பக் கெடுக்கத்தான் பொறக்குது" என்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்.

மாமியார் ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து வா என்கிறார். நான் கொஞ்சம் நாள் போகட்டும் என்கிறேன். அங்கே ஆதார் கார்டு கேட்பார்கள். என் கார்டு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியுமே. பள்ளிக்கூடத்தில் என் பெயரில் உனக்கு எடுத்துவிட்டார்கள். பிறகு எனக்கு எடுக்கப் போனபோது அப்பாவிடம் இருந்தது உன் பிறப்புச் சான்று ஒன்றுதான். நீ ஆஸ்பத்திரியில் பிறந்தவள், நான் வீட்டில் பிறந்தவள். "சும்மா கெடக்கற பேருதான, எடுத்துக்க" என்றார். அதிலிருந்து கார்டில் நான் கண்ணாயி.

ஊரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. நர்ஸம்மா அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நானும் உன்னைப் போல உட்கார்ந்தே இருப்பேன்.

என்ன செய்யலாம் என்று எழுது. நீ படித்தவள்.

அக்கா

*

சென்னை
18 செப்டம்பர் 2025

அக்கா,

கடிதத்தை மூன்று தரம் படித்தேன். தேனிக்காரியிடம் சொன்னேன். கேன்டீனில் இரண்டு லட்டு வாங்கித் தின்றோம். நீ எப்படி இருக்கிறாய்? இரவில் தூக்கம் வருகிறதா? கால் வீங்குகிறதா? எனக்கு எல்லாம் எழுது.

ஆஸ்பத்திரிக்கு உடனே போ. நாள் கடத்தாதே. இரும்புச் சத்து மாத்திரை தருவார்கள், ரத்தம் பார்ப்பார்கள். மலையில் எத்தனை பேர் இரத்தக் குறைவால் போயிருக்கிறார்கள் என்று இங்கே ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் நம் ஊர் இருக்கிறது.

கார்டைப் பற்றிப் பயப்படாதே. தாராளமாகக் கொடு. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கார்டு. மொத்தம் சரியாகத்தான் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு எண் வேண்டும், அவ்வளவுதான். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்திரு. யாரையும் திரும்பிப் பார்க்காதே. நீ எனக்குச் சொன்னதுதான்.

மாமாவிடம் என் வணக்கத்தைச் சொல். பழத்துக்கு மேல் சாக்கு போட்டு மூடச் சொல்.

தங்கை

*

அரியூர் நாடு
18 அக்டோபர் 2025

கண்ணு,

உன் உடம்பு எப்படி? இங்கே பரவாயில்லை. தொடர்ந்து மழை.

நீ எழுதியபடி போன திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்டெல்லா சிஸ்டர் நல்ல மாதிரி. பெயரைக் கூப்பிட்டதும் எழுந்துவிட்டேன். எடை பார்த்தார். ரத்தம் எடுத்தார். வயிற்றில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, துடிக்கிறது என்றார். பிறகு கார்டை வாங்கி நோட்டில் எழுதினார். பிறந்த வருடம் எழுதும்போது விரலை மடக்கி எண்ணினார். பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி பேனாவைத் திறந்தார்.

மாத்திரை தந்தார். தினமும் சாப்பிடுகிறேன்.

தீபாவளிக்கு உன் மாமா ஊரில் இல்லை. லோடு கொண்டு வெளியூர் போயிருக்கிறார். வர நாளாகும். அதனால் போன் செய்து தேடாதே.

ஒன்று கேட்க வேண்டும். பதினெட்டு வயதுக்கு முன்னால் கல்யாணம் கட்டினால் உங்கள் பக்கம் என்ன செய்வார்கள்? சும்மாதான் கேட்கிறேன். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்திக்காக.

உனக்குப் பரீட்சை எப்போது முடிகிறது? தேதியை மட்டும் சரியாக எழுது.

அக்கா

*

சென்னை
2 நவம்பர் 2025

அக்காவுக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன். நான் சுகம். நீ மாத்திரை சாப்பிடுவது சந்தோஷம். சொன்னேனே, கார்டு ஒரு பிரச்சினையே இல்லை.

செமஸ்டர் தேர்வு நவம்பர் 24 தொடங்கி டிசம்பர் 19 வரை. ஐந்து தாள்.

நீ கேட்டதற்கு: பதினெட்டுக்கு முன் கட்டினால் குற்றம். மாப்பிள்ளையை உள்ளே வைப்பார்கள். ஜாமீன் சுலபத்தில் கிடைக்காது. அந்தப் பெண் யார்? கண்டிப்பாக யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். நம் மலையில் இது எப்போதுதான் நிற்குமோ.

மாமா இன்னும் வரவில்லையா? எந்த ஊருக்கு இத்தனை நாள் லோடு?

தங்கை

*

அரசு ஆரம்ப சுகாதார நிலையம்
கொல்லிமலை
18 நவம்பர் 2025

பூங்குழலிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என்னை உனக்குத் தெரியாது. நான் இங்கே செவிலியர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். மலைக்கு வந்து இரண்டு வருடம்.

உன் தங்கை கண்ணாயி என் பதிவேட்டில் இருக்கிறாள். ஐந்து மாதம். குழந்தை நன்றாக இருக்கிறது. அவள்தான் நன்றாக இல்லை. எடை கூடவில்லை. சாப்பிடச் சொன்னால் தலையை ஆட்டுகிறாள்.

கார்டின்படி, பெயர் பதிந்த அன்று அவளுக்குப் பதினாறு. பதினெட்டுக்குக் கீழே கர்ப்பம் என்று எழுதினால் நான் தகவல் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் என் மேல் வழக்கு. சொன்னேன். இரண்டாம் நாள் அடிவாரத்திலிருந்து ஜீப் வந்து அவள் கணவன் யுவராஜை ஏற்றிக்கொண்டு போனது. ஒரு மாதமாக உள்ளே இருக்கிறார். "கட்டிக்கிட்டேனுங்க. வயசு தெரியாதுங்க" என்று மட்டும்தான் சொன்னாராம். உன் அப்பா ஸ்டேஷனுக்கு வந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுப் போனார். பிடித்துக் கொடுத்தவள் என்று ஊரில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மற்ற கர்ப்பிணிகளும் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

இருபது வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குப் பதினாறு என்று என் கண் நம்பவில்லை. போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமியார் அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கேட்டேன். "ஊட்டுப் பேருங்க" என்றார்கள். வெளியில் யாருக்காவது சொல்ல வேண்டுமா என்று அவளிடம் கேட்டேன். முதலில் வேண்டாம் என்றாள். பிறகு, குழந்தைக்கு ஏதாவது ஆனால் மட்டும் என்று சொல்லி உன் முகவரியைத் தந்தாள். உறையில் எழுதும்போதுதான் கவனித்தேன். மாமியார் கூப்பிட்டது அந்தப் பெயர்தான்.

நான் இதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. வயதை நிரூபிக்க உங்கள் குடும்பத்தில் வழி ஏதாவது இருந்தால், அது உனக்குத் தெரிந்திருந்தால், தாமதிக்காதே.

ஸ்டெல்லா

*

அரியூர் நாடு
6 டிசம்பர் 2025

கண்ணு,

ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. பரீட்சை என்று நினைத்துக்கொள்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

இங்கே எல்லாம் வழக்கம்போல. உன் மாமா இன்னும் வரவில்லை. வேலை அதிகமாம். மிளகு இந்த வருடம் பரவாயில்லை, நல்ல சரம். பறிக்க ஆள்தான் இல்லை. அப்பா தனியாக ஏணி ஏறுகிறார். நான் கீழே பிடித்துக்கொள்கிறேன். ஏணி பிடிக்க வயிறு தடையில்லை.

குழந்தை உதைக்கிறது. நான் எழுதும்போது கூடுதலாக உதைக்கிறது.

பதில் எழுத வேண்டும் என்று அவசரப்படாதே. பரீட்சையை நன்றாக எழுது.

அக்கா

*

சென்னை
28 டிசம்பர் 2025

அக்கா,

நீ சுகமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஸ்டெல்லா சிஸ்டரின் கடிதம் நவம்பர் 21 அன்று வந்தது. இன்று டிசம்பர் 28. முப்பத்தேழு நாள்.

முதல் நாள் படித்துவிட்டுப் பெட்டியைக் கட்டினேன். அடுத்த நாள் அவிழ்த்தேன். மூன்றாம் நாள், முதல் தாள் மட்டும் எழுதிவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்தேன். பிறகு இரண்டாவது. கடிதத்தை மடக்கை அட்டவணைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அந்தப் புத்தகத்தைத் தேர்வுக்கு எடுத்துப் போக அனுமதி உண்டு. எடுத்துப் போனேன்.

ஐந்து தாளிலும் முதல் பக்கத்தில் உன் பெயரை எழுதினேன். மாமா உள்ளே இருந்தார். அவருக்குத் தெரியும். வாயைத் திறந்து, இவ கண்ணாயி இல்லீங்க, பூங்குழலி, பத்தொம்பது வயசு என்று சொன்னால் வெளியே வந்திருப்பார். சொல்லவில்லை. அப்பா சொல்லவில்லை. ஊரே சொல்லவில்லை. எல்லாரும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டது நான் இங்கே ஒரு நாற்காலியில் உட்கார்வதற்காக. நானும் மூடிக்கொண்டேன்.

போ, கார்டைக் கொடு, பிரச்சினையே இல்லை என்று எழுதியவள் நான். மாப்பிள்ளையை உள்ளே வைப்பார்கள் என்று எழுதியவளும் நான். நீ அதை எங்கே உட்கார்ந்து படித்தாய்?

கடைசித் தாள் முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. இந்த ஒன்பது நாளுக்கு என்னிடம் காரணமே இல்லை.

நாளை ரயில் ஏறுகிறேன். வீட்டுக்கு வரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தால் திரும்பிவிடுவேன். நேராக நாமக்கல். மாமாவுக்காக நியமித்த வக்கீலின் எண்ணை சிஸ்டரிடம் வாங்கிவிட்டேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறேன். உன்னையும் கூப்பிடுவார்கள். பெயரைக் கேட்டால் உன் பெயரைச் சொல்.

தங்கை

*

சென்னை
8 பிப்ரவரி 2026

அக்கா,

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று அப்பா பாறையில் நின்று கத்தினார். அவர் சாப்பிடுகிறாரா? நீ சாப்பிடுகிறாயா? இந்த மாதம் கால் வீங்கும். பாத்திரம் கழுவக் குனியாதே.

நாமக்கல்லில் நாம் சரியாகப் பேசவில்லை. வயதைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரியில் இருவர் மணிக்கட்டையும் எக்ஸ்ரே படம் எடுத்த அன்று டாக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுல பெரியவ யாரு?" என்றார். அம்மா, "இவ பெருசுங்க, இது சின்னதுங்க" என்று படத்தைப் பார்த்தே சொன்னாள். நீ சிரித்தாய். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்து என்னைப் பார்த்தாய். என்னால் முடியவில்லை.

இங்கே வந்ததும் ஒரு கடிதம் எழுதிப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கே மேசையில் இருந்த பெண் அலுவலர் இரண்டு தரம் படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, யாரும் உன்னைக் கேக்கலையே. நீயா எதுக்குச் சொல்றே?" என்றார். கோர்ட்டில் சொல்லிவிட்டேன் மேடம் என்றேன். பெருமூச்சு விட்டு முத்திரை வைத்தார்.

போன வாரம் விசாரணை. மூன்று பேராசிரியர்கள், ஒரு சட்ட அலுவலர். மரியாதையாகத்தான் பேசினார்கள். "இந்த இடம் பூங்குழலியுடையது. நீங்கள் பூங்குழலி இல்லை என்கிறீர்கள். அப்படியானால் நாங்கள் யாரை விசாரிப்பது?" என்றார் சட்ட அலுவலர். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. புள்ளியியல் பேராசிரியர் என் விடைத்தாள்களைக் கொண்டுவந்திருந்தார். இதை எழுதியது இந்தப் பெண்தான், கையெழுத்தைப் பாருங்கள் என்றார். அதில் சந்தேகம் இல்லை என்றார்கள்.

சேர்க்கையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வகுப்புக்குப் போகக் கூடாது. மார்ச் கடைசி வரை விடுதியில் இருக்கலாம். சான்றிதழ்களில் பெயரை மாற்ற முடியுமா என்று கல்வித் துறைக்கு எழுதியிருக்கிறார்கள். மாற்றலாம், மாற்றாமலும் போகலாம், வருடங்கள் ஆகலாம். மாறாவிட்டால் கண்ணாயி ஒன்றாம் வகுப்புகூடப் படிக்கவில்லை. தனித்தேர்வராக எட்டாம் வகுப்பிலிருந்து எழுத வேண்டும். நீதான் இனி பிளஸ் டூ. ஐந்நூற்று முப்பத்தொன்று. கணக்கில் தொண்ணூற்றெட்டு.

பகலில் வகுப்பறைக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்து கேட்கிறேன். பேராசிரியர் கதவைச் சாத்துவதில்லை.

நீ ஏன் சொல்லவில்லை, அக்கா? அந்த ஒரு கேள்வியை நாமக்கல்லில் கேட்க முடியவில்லை.

தங்கை

*

அரியூர் நாடு
14 மார்ச் 2026

கண்ணு,

பெண் குழந்தை. ஆறாம் தேதி விடிகாலை. இரண்டு கிலோ எழுநூறு. நான் சுகம். குழந்தை சுகம். உன் மாமா மெலிந்துவிட்டார், ஆனால் சாப்பிடுகிறார். வழக்கு இன்னும் முடியவில்லை. மாதம் ஒரு தரம் அடிவாரத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வருகிறார். மணிக்கட்டுப் படம் போதும், தள்ளிவிடுவார்கள் என்கிறார் வக்கீல். எனக்கு நம்பிக்கை வந்தும் போயும் இருக்கிறது.

ஸ்டெல்லா சிஸ்டர்தான் பிரசவம் பார்த்தார். பதிவேட்டில் தாயின் பெயர் என்று இருந்த இடத்தில் என்னையே எழுதச் சொன்னார். கண்ணாயி என்று கையெழுத்துப் போட்டே பழகிய கை. பூங்குழலி என்று உறையில் உனக்குத்தான் எழுதியிருக்கிறேன், எனக்கென்று எழுத நேரம் பிடித்தது. "மெதுவா எழுதும்மா, யாரும் வெரட்டல" என்றார்.

குழந்தைக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை. "நல்லா ரோசிச்சு வெக்கோணும். இதுக்கு மேல மாத்தற தெம்பு எனக்கில்ல" என்கிறார் உன் மாமா. பிளஸ் டூ பெண்டாட்டி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். கணக்குப் பார்க்க மிளகு வியாபாரி என்னிடம் நோட்டை நீட்டுகிறான்.

நீ கேட்டதற்குப் பதில். உனக்காகத்தான் சொல்லாமல் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். பாதி அதுதான். மீதியை யாரிடமும் சொன்னதில்லை. பானையைக் கழுவும்போதும் களை எடுக்கும்போதும் நினைப்பேன்: இந்நேரம் பூங்குழலி ஒரு பெரிய கட்டடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். கதவில் பெயர் ஒட்டியிருக்கிறது என்று நீ எழுதினாயே, அந்தக் கடிதத்தை அரிசி டப்பாவில் வைத்திருக்கிறேன். சொல்லியிருந்தால் அந்தக் கதவிலிருந்து என் பெயரை நானே கிழித்த மாதிரி. அதனால் வாயை மூடிக்கொண்டேன். அவர் உள்ளே இருக்கும்போதும்.

முப்பத்தேழு நாளை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். உன் மாமாவிடம் அந்தக் கணக்கைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. சொல்ல மாட்டேன்.

மார்ச் கடைசியில் வந்துவிடு. வந்து தூங்கு. பிறகு எட்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுக்கலாம். எனக்கும் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான் பிளஸ் டூ, எனக்கு அது தெரியாமல் இருக்கக் கூடாது.

வராந்தாவில் தரையில் உட்காராதே, குளிரும். எதையாவது விரித்துக்கொள்.

இனிமேல் உறையின் மேல் உன் பெயரைத்தான் எழுதுவேன். இதுதான் முதல் கடிதம்.

பூங்குழலி

*

(உறையின் மேல், நீல மையில்)

பெறுநர்
கண்ணாயி, த/பெ. மாணிக்கம்
அறை 114, பல்கலைக்கழக மாணவியர் விடுதி
சென்னை

(அதன் குறுக்கே, சிவப்பு மையில்)

இப்பெயரில் இங்கு எவரும் இல்லை. அனுப்பியவருக்கே திருப்பவும்.